கராச்சிற் கற்ற அளவை

அளவை நூலைக் கற்பிக்கும்போது மாணவர் தவறாமற் கேட்கும் வினா ஒன்று உண்டு. "ஐயா, இது எதற்கு உதவும்?" என்பது அது. வாயாற் கேளாதவரும் கண்ணாற் கேட்பர். இருபத்தெட்டு ஆண்டுகளாக அவ்வினாவுக்கு நான் ஒரே விடையைச் சொல்லி வந்திருக்கிறேன். "மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய உதவும்" என்பேன். விடையிற் பிழையில்லை. ஆனால், அவ்விடையைச் சொன்னவன் அளவையை ஒருநாளாவது கையிலெடுத்துப் பயன்படுத்தியிருக்கிறானா என்பது வேறொரு வினா. அதனை என்னிடம் கேட்டது ஒரு பழைய பிக்கப் வண்டி.

எங்கள் முற்றத்து மாமரத்தின் கீழ் ஒரு மொறிஸ் மைனர் பிக்கப் நிற்கிறது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் இங்கிலாந்திலே வகுத்து, 1948இல் வெளிவந்த கார்க் குடும்பத்தைச் சேர்ந்தது அது. 1953இல் அக்குடும்பத்திற் பிக்கப் பிறந்தது. எங்களுடையது, 1962இலிருந்து வந்த 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பூட்டிய வகை. தந்தையார் அதனைப் பழையதாகவே வாங்கினார். வாழைக்குலையும் புகையிலையும் ஏற்றினார். சில வேளைகளில் நோயாளரையும் ஏற்றினார்.

1990இலிருந்து 1995 வரை குடாநாட்டுக்குப் பெற்றோல் வாராதிருந்த காலத்தை என் வயதினர் மறவார். மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய காலம் அது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆதலால், ஒரு சிறு போத்தலிற் பொன்போலப் பேணிய பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்புவர். அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அவ்வாறு ஓடிய வண்டி, 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கிச் சென்றபோது, என் பாட்டியாரையும் தந்தையாரின் ஏட்டுப் பெட்டியையும் நாவற்குழிப் பாலத்துக்கப்பாற் கொண்டு சேர்த்தது. அடுத்த ஆண்டு எம்மைத் திரும்பவும் கொண்டுவந்தது. தந்தையார் இன்று இல்லை. வண்டி இருக்கிறது. அதனை நான் விற்காமைக்கு வேறு காரணம் வேண்டுவதில்லை.

காகம் இருந்தது, பனம்பழம் விழுந்தது

சென்ற மார்கழியில் வண்டிக்கு ஒரு நோய் கண்டது. வீதியில் ஓடும்போது குறையில்லை. சந்தியில் நிறுத்தி, எஞ்சின் மெதுவாக ஓடவேண்டிய வேளையில், உடல் முழுவதும் குலுங்கும். கராச்சுக்காரர் 'ஸ்லோ' என்று சொல்வது இந்த மெதுவோட்டத்தைத்தான். அந்த எஞ்சினுக்குச் சிலிண்டர் நான்கு. ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்னும் முறையில் அவை வெடிக்கும். நாற்சீரடி போன்றது அவ்வோசை. நிமிடத்துக்கு ஐந்நூறு சுற்றுச் சுற்றினால் ஆயிரம் வெடிப்பு நிகழும். ஆயினும் செவி அதை ஒரே நடையாகக் கேட்கும். இப்போதோ அடிதோறும் ஒரு சீர் குறைந்தது. தளை தட்டிய வெண்பாவைக் கேட்பதுபோல் எனக்கு உடம்பு கூசியது.

காரணத்தை நான் உடனே கண்டுவிட்டேன். அதாவது, கண்டுவிட்டதாக எண்ணினேன். அதற்கு இரண்டு நாள் முன்னர்த்தான், எங்களூர்ச் சந்திக்கு அண்மையிற் கராச் வைத்திருக்கும் ஓர் இளைஞன் காபரேற்றரைக் கழற்றித் துடைத்துப் பூட்டியிருந்தான். வெள்ளிக்கிழமை அவன் கை வைத்தான். ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் குலுங்கியது. ஆகவே, கெடுத்தவன் அவனே. இதற்கு மேலும் ஒரு சான்று எனக்குக் கிடைத்தது. திங்கள் விடியற்காலை எஞ்சினை எழுப்பியபோது, சைலன்சரின் வாயிலே வெண்மையாகப் புகை வந்தது. எரிபொருள் மிகுந்தாற் புகை மிகும். எரிபொருளை அளந்து விடுவது காபரேற்றர். ஆகவே, காபரேற்றரே பழுது. புகை கண்டு நெருப்பைத் துணியும் அனுமானத்தை இத்துணை எளிதாகப் பயன்படுத்த முடிந்ததையிட்டு எனக்குச் சற்றே பெருமையும் உண்டாயிற்று.

காகம் வந்து பனையில் இருக்கிறது. அப்போது பனம்பழம் விழுகிறது. காகந்தான் விழுத்தியது என்பது உலகர் துணிபு. இதைக் காகதாலி நியாயம் என்று வகுப்பிலே பல நூறு முறை விளக்கியிருக்கிறேன். முன் நிகழ்ந்தது என்பது கொண்டே ஒன்று பின் நிகழ்ந்ததற்குக் காரணம் ஆகாது. இவ்வளவும் அறிந்த நான், அன்று மாலை சந்தியிலுள்ள தேநீர்க் கடையில் நாலு பேர் கேட்க, "அந்தப் பொடியன் எஞ்சினைக் கெடுத்துப்போட்டான்" என்று சொல்லிவிட்டேன். கடையிலிருந்தோர் உடனே உடன்பட்டனர். பழைய காபரேற்றரைத் தொட்டால் அப்படித்தான் என்றார் ஒருவர். எஞ்சினையே தூக்கிவிட்டு டீசல் எஞ்சின் பூட்டுவதே வழி என்றார் மற்றொருவர். 'இந்த ஆலமரத்திற் பேயுண்டு' என்று யார் சொன்னாரென்று தெரியாமல் வழிவழி வருவதை ஐதிகம் என்பர் அளவை நூலார். அன்று தேநீர்க் கடையில் இருந்தது அதுவே. அதற்கு முதற் சொல்லை எடுத்துக் கொடுத்தவன் நான்.

அது புகைதானா?

புதன்கிழமை வண்டியை அவனுடைய கராச்சுக்கு ஓட்டிச் சென்றேன். ஆராயச் சென்றேன் என்று எழுத ஆசை. உண்மை அதுவன்று, ஏசச் சென்றேன்.

அவன் என் மாணவன். இருபது ஆண்டுக்கு மேலாகிறது. மாலையில் நடந்த பாலபண்டித வகுப்பிற் சில மாதங்கள் இருந்தான், பின்னர் நின்றுவிட்டான். அவனிடம் என் வழக்கை எடுத்துரைத்தேன். வெள்ளிக்கிழமையைச் சொன்னேன்; ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன்; இறுதியாகப் புகையைச் சொன்னேன். அவன் மறுத்துப் பேசவில்லை.

"புகை எப்ப வந்தது ஐயா? எஞ்சின் சூடான பிறகும் வந்ததோ?"

"இல்லை. விடியற்காலையில் மட்டும்."

"சைலன்சர் வாய் கறுத்துக் கிடந்ததோ, ஈரமாக் கிடந்ததோ?"

"நீர்த்துளி சிந்தியது."

"அப்ப அது புகையில்லை ஐயா. நீராவி. பெற்றோல் எரிஞ்சாத் தண்ணியும் உண்டாகும். குழாய் குளிர்ந்து கிடந்தா அது மூடுபனி மாதிரித் தெரியும். எண்ணெய் எரிஞ்சா நீலமா வரும். பெற்றோல் கூடினாக் கரும்புகை வரும்."

மூடுபனி என்ற சொல் என்னைச் சுட்டது. இருபது ஆண்டுக்கு முன்னர் அந்த மாலை வகுப்பில், 'மலையிற் புகை தெரிகிறது. ஆகவே நெருப்புண்டு' என்று நான் கரும்பலகையில் எழுதிய அன்று, பின் வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "ஐயா, தூரத்திலே தெரியிறது மூடுபனியா இருந்தா?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. குறும்பு பண்ணுகிறான் என்று எண்ணி, அவனை வெளியே நிற்க வைத்தேன். ஏதுப்போலி என்னும் இயல் முழுவதும் எந்த ஐயத்தினின்று தோன்றியதோ, அந்த ஐயத்தையே அவன் கேட்டிருந்தான். பனியைப் புகையென்று மயங்குதல் தருக்க நூலார் காட்டும் உதாரணமே. நான் அதை அறியாதவனல்லன். கேட்டவன் பின் வாங்கில் இருந்தமையால் எனக்கு அது காதில் விழவில்லை. அவன் வகுப்பைவிட்டு நின்றது அதற்குச் சில நாட்களின் பின்னர்.

நாலில் எது?

அவன் அதைக் குறிப்பிடவில்லை. எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று சொல்லி, பக்கத்தில் நின்று செவி கொடுத்துக் கேட்டான். "எல்லாச் சிலிண்டருக்கும் வந்த நோயோ, ஒண்டுக்கு வந்த நோயோ எண்டு முதலிற் பாப்பம்" என்றான்.

எஞ்சின் ஓடுவதற்கு மூன்று வேண்டும். காற்றோடு கலந்த எரிபொருள் ஒன்று. அதை நெருக்கும் அமுக்கம் ஒன்று. உரிய வேளையில் எழும் தீப்பொறி ஒன்று. காபரேற்றர், கொயில் போன்றவை நாலு சிலிண்டருக்கும் பொது. பிளக், வால்வு போன்றவை ஒவ்வொன்றுக்கும் தனி. ஆதலின், நோய் பொதுவா சிறப்பா என்று தெளிந்தாலே ஐயத்திற் பாதி அகலும். பொதுவிதியையும் சிறப்புவிதியையும் பிரியாமல் இலக்கணம் கற்பிப்பார் யாருமிலர். அந்தப் பிரிப்பை நான் எஞ்சினுக்குச் செய்யவில்லை.

கைப்பிடியில் இறப்பர் உறையிட்ட குறட்டினால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டினான். முதலாவதைக் கழற்ற, எஞ்சின் இன்னும் தளர்ந்தது. இரண்டாவதற்கும் அப்படியே. நாலாவதற்கும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. உழைத்துக்கொண்டிருந்தவனை நிறுத்தினால் வேலை குறையும். உழையாதவனை நிறுத்தினால் என்ன குறையும்? குறைவு இன்மை கொண்டே குற்றவாளி அகப்பட்டான். இன்மையும் ஓர் அளவையே என்று நூல் சொல்கிறது. அதைக் கண்ணாற் கண்டது அன்றுதான்.

"காபரேற்றர் பிழையில்லை எண்டு எப்படிச் சொல்லுவாய்?" என்று கேட்டேன். விடுவதற்கு மனமில்லை.

"இந்த எஞ்சினில மூண்டுக்கும் நாலுக்கும் பெற்றோல் போற வழி ஒண்டுதான் ஐயா. நாலு வேலை செய்யுதெல்லோ? அப்ப மூண்டின்ர வாசல் வரைக்கும் பெற்றோல் போகுது."

பகலில் உண்ணாத சாத்தன் பருத்திருக்கிறானென்றால் இரவில் உண்கிறான் என்று கொள்க. அருத்தாபத்தி என்னும் பொருளளவைக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் தந்ததில்லை. உணவு செல்லாமல் நாலாவது உழைக்க முடியாது. அதற்குச் செல்லும் வழியே மூன்றாவதற்கும் வழி. காபரேற்றர் அக்கணமே விடுதலை பெற்றது; அதைத் துடைத்தவனும் விடுதலை பெற்றான்.

அடுத்துத் தீப்பொறி. மூன்றாவதன் வயரை எஞ்சினின் இரும்புக்கு அருகிற் பிடித்தான், நீலப்பொறி பாய்ந்தது. மூன்றாவதன் பிளக்கை நாலாவதிலும், நாலாவதன் பிளக்கை மூன்றாவதிலும் மாற்றிப் பூட்டினான். பிளக் பழுதானால் நோயும் பிளக்கோடு போக வேண்டும். அது போகவில்லை, மூன்றாவதிலேயே நின்றது. பிளக்கும் நீங்கியது.

எஞ்சியது அமுக்கம். பிளக் நான்கையும் கழற்றி, அமுக்கமானியை வைத்து எஞ்சினைச் சுழற்றினான். மூன்று சிலிண்டர்கள் சதுர அங்குலத்துக்கு 140 இறாத்தலுக்கு மேற் காட்டின. மூன்றாவது 70ஐத் தாண்டவில்லை. அதற்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தான். பிஸ்ரன் வளையம் தேய்ந்திருந்தால், எண்ணெய் அந்த இடுக்கை அடைத்து எண்ணிக்கை ஏறியிருக்கும். ஏறவில்லை, வளையம் நீங்கியது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே கஸ்கற் எரிந்திருந்தால், இரண்டும் ஒருங்கே தாழ்ந்திருக்கும். இரண்டாவது நலமாக இருந்தது, கஸ்கற்றும் நீங்கியது. இவ்வாறு எல்லாம் நீங்க, எஞ்சியது வால்வு. மூவரில் ஒருவன் திருடியிருக்க, இருவர் திருடவில்லை என்று தெளிந்தால், மூன்றாமவனே திருடன் என்று துணிவதை ஒழிபு அளவை என்பர். அவன் அப்பெயரை வகுப்பிற் கேட்டிருக்க மாட்டான். அப்பாடத்துக்கு முன்னரே போய்விட்டான்.

யார் பிழை?

"இனி எஞ்சின் ஆறவேணும். மத்தியானத்துக்குப் பிறகு திறப்பம்" என்றான். வால்வின் இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சினிலேயே அளப்பது இவ்வெஞ்சினுக்குரிய முறை. தன் மேசையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு பிரதியை எடுத்துக் காட்டினான். இந்த எஞ்சினுக்குரிய தொழிற்கைந்நூல் அது. எண் வரும் இடங்களிலெல்லாம் அடிக்கோடிட்டிருந்தான். வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தும் றொக்கருக்கும் இடையே அங்குலத்தில் 0.012 பங்கு, ஏறக்குறைய 0.30 மில்லிமீற்றர், வெளி இருக்கவேண்டும். சூட்டினால் தண்டு நீளும். நீள்வதற்கு இடம் வேண்டும். இடமில்லையெனில், மூடவேண்டிய வால்வு மூடாது. நெருக்கிய காற்று அந்தச் சந்தினால் ஒழுகிவிடும். விரைவாக ஓடும்போது ஒழுக நேரம் போதாது; மெதுவாக ஓடும்போது போதும். சூடேறச் சூடேற நோய் மிகுந்ததற்கும், வீதியில் அது மறைந்ததற்கும் காரணம் இதுவே.

பிற்பகலில் மேல்மூடியைக் கழற்றினான். வால்வுகள் எட்டு. அவற்றை அளப்பதற்கு ஒரு வாய்பாடு சொன்னான். ஒன்றாவதை அளக்கும்போது எட்டாவது முழுதாகத் திறந்திருக்க வேண்டும், மூன்றாவதற்கு ஆறாவது, ஐந்தாவதற்கு நாலாவது. எப்போதும் கூட்டுத்தொகை ஒன்பது. சூத்திரம் என்பது இதுவன்றோ? சில்வகை எழுத்திற் பல்பொருள் அடங்கிவிட்டது. நாலாவதைத் திறக்க வைத்து, ஐந்தாவதில் மெல்லிய தகட்டைச் செலுத்தினான். பன்னிரண்டு செல்லவில்லை, எட்டுச் செல்லவில்லை, தகடுகளில் மிக மெல்லியதும் செல்லவில்லை. மூன்றாம் சிலிண்டரின் புகை வெளியேறும் வால்வு அதுதான். ஏனைய வெளியேற்று வால்வுகளிலும் வெளி குறைந்தே இருந்தது.

"ஏன் இப்படி ஆனது?" என்றேன்.

பழைய பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு வந்து அமரும் இருக்கையின் மேல் ஒரு மென்படலமாகப் படிந்து, இரும்பு இரும்பைத் தின்னாமற் காத்தது. இலங்கையில் 2002இல் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது; உலகில் இறுதியாக 2021இல் அல்ஜீரியா நிறுத்தியது. ஈயம் குழந்தைகளின் மூளைக்கு நஞ்சாதலின், நிறுத்தியது நன்றே. ஆனால், அக்காலத்து வார்ப்பிரும்பு எஞ்சின்களில் இருக்கை சிறிது சிறிதாகத் தேய்கிறது, வால்வு உள்ளே அமிழ்கிறது, வெளி குறைகிறது. ஆகையால், மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை அளந்து திருத்த வேண்டும்.

"நான் ரண்டு தரம் சொன்னனான் ஐயா. ஓடுதுதானே, பிறகு பாப்பம் எண்டு சொன்னீங்கள்."

சொன்னேன். நன்றாக நினைவிருக்கிறது. பல ஆண்டாக வளர்ந்த நோய் அந்த ஞாயிற்றுக்கிழமை தன்னை வெளிக்காட்டியது. காகம் பறந்துவிட்டது, பழுத்த பழத்தைப் பாராமல் விட்டவன் நான்.

பூட்டாணியைத் தளர்த்தி, திருகாணியைச் சிறிதே திருப்பி, தகடு மெல்ல உரசிச் செல்லுமாறு வைத்து இறுக்கினான். எட்டையும் அவ்வாறே திருத்தினான். மீண்டும் அளந்தபோது மூன்றாவது 125ஐக் காட்டியது. மற்றவற்றோடு முற்றும் ஒக்கவில்லை. "இருக்கை கொஞ்சம் எரிஞ்சிட்டுது. ஒரு நாளைக்கு ஹெட்டைக் கழற்றிக் கடின இருக்கை போடத்தான் வேணும். இப்ப ஓடும்" என்றான். எஞ்சினை எழுப்பினான். நாற்சீரும் நிரம்பி நடந்தன.

கூலியைக் கொடுத்தபின், "தம்பி, உன்னைப்பற்றிச் சந்தியிற் பிழையாகக் கதைத்துவிட்டேன்" என்றேன்.

"தெரியும் ஐயா. கேள்விப்பட்டனான்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "ரண்டு பேர் தங்கட வண்டியைத் திருப்பிக்கொண்டு போட்டினம்" என்றான். அவ்வளவே. குரலிற் சினமில்லை. சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நேரே தேநீர்க் கடைக்குப் போனேன். முன்பு இருந்தோர் பெரும்பாலும் இருந்தனர். பிழை என்னுடையதென்றும், அவன் இருமுறை எச்சரித்தும் நான் கேளாதிருந்தேனென்றும், காபரேற்றரில் ஒரு குறையும் இல்லையென்றும் சொன்னேன். ஒருவர் சிரித்தார். முதல்நாட் சொன்ன சொல்லை எத்துணை விரைவாக ஏற்றார்களோ, அத்துணை விரைவாக இதனை ஏற்கவில்லை. ஒருவரைக் குறை கூறும் சொல்லுக்குச் சான்று வேண்டுவதில்லை. அதை மீட்கும் சொல்லுக்கு எல்லாச் சான்றும் வேண்டியிருக்கிறது. பிளக் வயர் கழற்றிய கதையையும் வாசல்வழிக் கதையையும் முழுவதும் சொன்ன பிறகே நம்பினர். திரும்பிப் போன இருவரில் ஒருவர் மீண்டும் அவனிடம் வருகிறார். மற்றவரை இன்னும் காணவில்லை.

இப்போது அளவை வகுப்பை மூன்றாவது சிலிண்டரிலிருந்து தொடங்குகிறேன். 'மலையிற் புகை தெரிகிறது' என்று எழுதியதும், "அது புகைதானா?" என்று முதலில் மாணவரையே கேட்கச் சொல்கிறேன். அக்கேள்வி யாருடையதென்றும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் வந்து வகுப்பிற் பேசுமாறு அவனை அழைத்தேன். "வேலை கிடக்கு ஐயா" என்றான். ஆனால், ஓட்டமானியின் எண்ணைக் குறித்து வைத்திருக்கிறான். மூவாயிரம் மைல் நிரம்ப இன்னும் அறுநூறு மைல் இருக்கிறது. அதற்கு முன்னரே போகலாமென்று எண்ணியிருக்கிறேன்.